தேர்வு அடிகோளை எடுத்துவிட்டால் இடத்தியலில் எவையெல்லாம் பிரிந்துபோகும்?

எம்.எஸ்சி. கணிதத்தில் இடத்தியல், அதாவது டோபாலஜி பேப்பர் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு வகைத் தேற்றம் பழகிப்போய்விடும்: "கீழ்க்கண்ட கூற்றுகள் ஒன்றுக்கொன்று சமமானவை." ஒரு மெட்ரிக் வெளி (புள்ளிகளுக்கு இடையே தூரம் வரையறுத்த கணம்) காம்பாக்ட் (அதை மூடும் திறந்த கணத் தொகுப்பு, அதாவது திறந்த உறை, எதுவானாலும் அதில் முடிவுறு சில கணங்களே மூடப் போதும்) என்பதும், அதிலுள்ள ஒவ்வொரு தொடர்முறைக்கும் ஒருங்கும் உட்தொடர்முறை உண்டு என்பதும் ஒன்று. ஒரு புள்ளியில் சார்பு தொடர்ச்சியானது என்பதை எப்சிலான், டெல்டா வைத்தும் சொல்லலாம், தொடர்முறை வைத்தும் சொல்லலாம். எண்ணத்தக்க (முதல், இரண்டாம் என்று பட்டியலிடத்தக்க) அடிப்படைத் திறந்த கணங்கள் இருந்தால், எண்ணத்தக்க அடர்ந்த உட்கணமும் (எந்தப் புள்ளிக்கு அருகிலும் உறுப்பு உள்ள உட்கணம்) இருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து சமத்துவங்களை மனதில் வைத்துக்கொண்டு, எந்த வரையறை கைக்கு வசதியோ அதை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

இந்தச் சமத்துவங்களில் பல சும்மா கிடைப்பவை அல்ல. நிரூபணத்தின் நடுவில் "ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் இப்படி ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்" என்று ஒரு வரி வரும். கண் அதில் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த வரிதான் தேர்வு அடிகோள் (Axiom of Choice). அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டால், இதுவரை ஒன்றாக இருந்த வரையறைகள் தனித்தனியே பிரிந்துவிடும். "காம்பாக்ட்" என்று சொன்னால் போதாது, எந்தக் காம்பாக்ட் என்று கேட்க வேண்டி வரும். எங்கே, ஏன் பிரிகிறது என்பதை முதல் தடவை படிப்பவருக்கும் புரியும்படி கீழே பார்ப்போம்.

தேர்வு எப்போது தேவை

வெறுமையல்லாத கணங்களின் தொகுப்பு ஒன்று கொடுக்கப்பட்டால், அது எவ்வளவு பெரியதாயினும், ஒவ்வொரு கணத்திலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துத் தரும் சார்பு ஒன்று உண்டு. தேர்வு அடிகோள் சொல்வது இவ்வளவே. ஒவ்வொரு கணத்தையும் நல்வரிசையில் (எந்த வெறுமையல்லாத உட்கணத்திலும் முதல் உறுப்பு ஒன்று இருக்கும் வரிசையில்) அடுக்கலாம் என்று நிரூபிக்க 1904-ல் செர்மெலோ இதை வெளிப்படையாக எழுதினார். அடுத்த ஆண்டே போரல், பேர், லெபேக் ஆகியோர் ஏற்க மறுத்தார்கள். அடமார் செர்மெலோவின் பக்கம் நின்றார். எதிர்த்தவர்களுடைய ஆய்வுகளிலேயே இந்த அடிகோள் மறைந்து கிடப்பதைப் பிற்பாடு சியர்பின்ஸ்கி எடுத்துக் காட்டினார்.

இதற்கு பெர்ட்ரண்ட் ரசல் சொன்ன உதாரணம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். முடிவில்லாத ஷூ ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஷூவை எடுக்க வேண்டும். "இடது காலுக்கானதை எடு" என்று ஒரே வரியில் விதி எழுதிவிடலாம், அடிகோள் வேண்டாம். சாக்ஸ் ஜோடிகள் என்றால் இரண்டும் ஒரே மாதிரி. ஒரு ஜோடியிலிருந்து ஒன்றை எடுக்கலாம். ஆயிரம் ஜோடியிலிருந்தும் எடுக்கலாம், முடிவுறு எண்ணிக்கைக்குத் தொகுத்தறிதல் போதும். முடிவில்லாத ஜோடிகள் எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் விதி மட்டும் கையில் இல்லை. அந்த இடத்தில்தான் அடிகோள் வந்து "அப்படி ஒரு சார்பு இருக்கிறது" என்கிறது. எப்படிப்பட்ட சார்பு என்று சொல்வதில்லை.

ஆகவே எதையாவது "எடுத்தோம்" என்று எழுதியதெல்லாம் தேர்வு அடிகோள் ஆகிவிடாது. இயல் எண்களின் உட்கணங்களிலிருந்து எடுப்பதானால் ஒவ்வொன்றிலும் மிகச் சிறியதை எடுக்கலாம். விகிதமுறு எண்களை ஒரு வரிசையில் எழுத முடியும் என்பதால் அந்த வரிசையில் முதலில் வருவதை எடுக்கலாம். இரண்டு மெய்யெண்கள் கொண்ட ஜோடியில் சிறியதை எடுக்கலாம். அது ஷூ வகை. மெய்யெண்களின் வெறுமையல்லாத மூடிய கணங்களில் சுழிக்கு மிக அருகில் உள்ளதை எடுக்கலாம், இரு பக்கமும் சம தூரம் என்றால் மிகை எண்ணை. ஆனால் மெய்யெண்களின் ஏதோ சில உட்கணங்கள் என்று மட்டும் சொன்னால் இப்படி எந்த விதியும் கிடையாது. இடத்தியலில் சிக்கல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தொடக்கத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "முதல் கணத்தில் ஒன்றை எடுக்கிறேன், இரண்டாவதில் ஒன்றை எடுக்கிறேன், தொகுத்தறிதலால் இப்படியே எல்லாவற்றிலும் எடுத்துவிட்டேன்" என்று எழுதுவார்கள். தொகுத்தறிதல் தருவது வேறு: எந்த ஓர் எண்ணைச் சொன்னாலும் அதுவரையுள்ள கணங்களுக்கு ஒரு தேர்வு உண்டு என்பது மட்டுமே. பத்துக்கு ஒரு தேர்வு, நூறுக்கு இன்னொரு தேர்வு என்று தனித்தனியாகக் கிடைக்கும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போய், எல்லாக் கணங்களுக்கும் ஒரே சார்பாகச் சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இன்னொன்று, "தேர்வு அடிகோள் இல்லாமல்" என்றால் அது பொய் என்று கொள்வதல்ல. அதைப் பயன்படுத்தாமல், கணக் கோட்பாட்டின் வழக்கமான செர்மெலோ–ஃபிராங்கெல் அடிகோள்களை மட்டும் வைத்து வேலை செய்வது. மற்ற அடிகோள்கள் முரணற்றவை என்றால் தேர்வைச் சேர்த்தாலும் முரண் வராது என்று கெடல் 1938-ல் காட்டினார். அவற்றிலிருந்து தேர்வை நிரூபிக்க முடியாது என்பதைப் பால் கோஹன் 1963-ல் காட்டினார். இங்கே "பொய்த்துப்போகும்" என்று சொல்வதெல்லாம், அது பொய்க்கும் ஒரு கணக் கோட்பாட்டு மாதிரி (model: மற்ற அடிகோள்கள் எல்லாம் உண்மையாக உள்ள ஒரு கணித உலகம்) இருக்கிறது, எனவே தேர்வு இல்லாமல் நிரூபிக்க முடியாது என்ற பொருளில்தான்.

ஒரே ஒரு விசித்திரக் கணம்

பிரிவுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு கணத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிக்கு மேல் அதிலிருந்தே வந்துவிடும்.

கோஹனின் முதல் மாதிரியில் மெய்யெண்களின் ஓர் உட்கணம் இருக்கிறது; அதை ட என்போம். ட முடிவிலா கணம், அதாவது எந்த முடிவுறு எண்ணிக்கையாலும் அதை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் அதிலிருந்து வெவ்வேறான உறுப்புகள் கொண்ட முடிவில்லாத தொடர்முறை ஒன்றைக்கூட எடுக்க முடியாது. ஐந்து உறுப்பு வேண்டுமா, கிடைக்கும். ஐந்து லட்சம் வேண்டுமா, அதுவும் கிடைக்கும். முதல், இரண்டாம், மூன்றாம் என்று முடிவில்லாமல் போகும் பட்டியல் மட்டும் கிடையாது. இத்தகையதை டெடெகிண்ட்-முடிவுறு கணம் என்பார்கள். கோஹன் செய்தது சுருக்கமாக இது: பட்டியலிட்ட வரிசையில் முடிவில்லாத புது மெய்யெண்களைச் சேர்த்தார், பிறகு அந்த எண்களையும் அவற்றின் கணத்தையும் வைத்துக்கொண்டு, பட்டியலை மட்டும் உள்ளே விடாத ஒரு சிறிய மாதிரியை வெட்டி எடுத்தார்.

ட முழுவதும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதாகக் கொள்ளலாம். இல்லையென்றால் மெய்யெண் கோட்டையே அந்த இடைவெளிக்குள் சுருக்கும் ஒரு சார்பின் வழியே அனுப்பிவிடலாம். இதற்குக் குவிபுள்ளி உண்டா? உண்டு, அதற்குத் தேர்வு தேவையில்லை. இடைவெளியை இரண்டாகப் பிளந்து, இடது பாதியில் ட-வின் புள்ளிகள் முடிவில்லாமல் இருந்தால் இடதை எடு, இல்லையேல் வலதை எடு. இது விதி. இப்படியே பிளந்துகொண்டே போனால் இடைவெளிகள் ஒரே ஒரு புள்ளியில் சுருங்கும். அதை ப என்போம். ப-வின் எந்தச் சிறு அண்மையிலும் ட-வின் புள்ளிகள் முடிவில்லாமல் இருக்கும். ப தானே ட-வில் இருந்தால் அதை நீக்கிவிடுவோம். ஓர் உறுப்பு போனதால் மேலே சொன்ன எந்தக் குணமும் மாறாது.

அடுத்து, ட-வுக்குள் ஓடும் ஏதாவது ஒரு தொடர்முறையைப் பாருங்கள். அது முடிவுறு எண்ணிக்கையிலான மதிப்புகளை மட்டுமே எடுக்கும். முடிவில்லாத மதிப்புகளை எடுத்தால், திரும்ப வருபவற்றைத் தள்ளிவிட்டு, முதல் முறை வருபவற்றை மட்டும் வைத்து வெவ்வேறு உறுப்புகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிடலாமே! அந்தப் பட்டியல்தான் இல்லை என்றோம். இந்த ஒரு கவனிப்பிலிருந்து பின்வருவன எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன.

முதலில் மூடிய கணம். ப என்பது ட-வின் குவிபுள்ளி, ட-வில் இல்லை; ஆக ட மூடிய கணமல்ல. ஆனால் ட-வுக்குள் ஓடி ஒருங்கும் தொடர்முறை எதுவானாலும், சில மதிப்புகள் மட்டுமே உள்ளதால் ஒரு கட்டத்துக்குப் பின் மாறாமல் நின்றுவிடும், அதன் எல்லை ட-விலேயே இருக்கும். "தன் தொடர்முறைகளின் எல்லைகளையெல்லாம் தன்னுள் கொண்டது" என்ற வரையறைப்படி ட மூடியது. "நிரப்பி திறந்தது" என்ற வரையறைப்படி அல்ல. இதே காரணத்தால் ட-வில் உள்ள ஒவ்வொரு கோஷித் தொடர்முறையும் (உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் தொடர்முறை) ட-விலேயே ஒருங்குகிறது. ஆகவே ட முழுமையான மெட்ரிக் வெளி. முழுமையான உட்வெளி மூடியதாக இருக்கும் என்று படித்தது இங்கே செல்லாது.

அடுத்தது ஒரு புள்ளியில் தொடர்ச்சி. ட-வின் புள்ளிகளில் 1, மற்ற எல்லா மெய்யெண்களிலும் 0 என்ற மதிப்பெடுக்கும் சார்பை ச என்போம். ப-வை நோக்கி ஒருங்கும் எந்தத் தொடர்முறையை எடுத்தாலும், அதில் ட-வைச் சேர்ந்த மதிப்புகள் சிலவே. அவை ஒவ்வொன்றும் ப-விலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பதால், ஒரு கட்டத்துக்குப் பின் எதுவும் வராது. எனவே ச-வின் மதிப்புகள் கடைசியில் 0-விலேயே நிற்கும். ப-விலும் அது 0. தொடர்முறை வரையறைப்படி ச அந்தப் புள்ளியில் தொடர்ச்சியானது. எப்சிலானை 1/2 என்று எடுத்துப் பாருங்கள்: எந்த டெல்டா கொடுத்தாலும் அதற்குள் ட-வின் புள்ளி ஒன்று இருக்கும், அங்கே மதிப்பு 1. எப்சிலான்–டெல்டா வரையறைப்படி தொடர்ச்சியில்லை.

பாடத்தில் வரும் நிரூபணம் எந்த வரியில் நிற்கிறது? "தொடர்ச்சியில்லை என்றால், ஒவ்வோர் இயல் எண்ணுக்கும், அதன் தலைகீழ் அளவு தூரத்துக்குள் மதிப்பு விலகிப்போன புள்ளி ஒன்றை எடுப்போம்" என்ற வரியில். இங்கே அந்தப் புள்ளிகள் எல்லாம் ட-விலிருந்துதான் வர வேண்டும். ட அந்தத் தொடர்முறையைத் தராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, பலருக்கும் இது தெரியாது. மெய்யெண் கோட்டில் *எல்லாப்* புள்ளிகளிலும் தொடர்முறை வழியில் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு, எப்சிலான்–டெல்டா வழியிலும் தொடர்ச்சியானதே. தேர்வு அடிகோள் எதுவும் வேண்டாம். காரணம் விகிதமுறு எண்கள். ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, முதலில் அதன் பக்கத்திலுள்ள விகிதமுறு எண்களை மட்டும் பாருங்கள். அவை ஏற்கெனவே பட்டியலில் உள்ளதால் "முதலில் வருவதை எடு" என்ற விதியோடு பழைய நிரூபணம் அப்படியே ஓடும். ஆக, ஒரு டெல்டாவுக்குள் எல்லா விகிதமுறு எண்களிலும் மதிப்பு எப்சிலானில் பாதிக்குள் அடங்கும். பிறகு அந்த டெல்டாவுக்குள் எந்த மெய்யெண்ணை எடுத்தாலும், அதை நோக்கி விகிதமுறு எண்களின் தொடர்முறை ஒன்றை விதிப்படி அமைக்கலாம். அந்த மெய்யெண்ணிலும் தொடர்முறைத் தொடர்ச்சி இருப்பதால், அதன் மதிப்பும் எப்சிலானில் பாதியைத் தாண்டாது. மேலே உள்ள ச இதில் ஏன் மாட்டவில்லை? அது ட-வின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்முறைத் தொடர்ச்சியை இழக்கிறது. ட-வில் ஒரு பட்டியல் இல்லாததால் அதற்குள் ஓர் இடைவெளி அடங்கியிருக்க முடியாது, எனவே அதன் ஒவ்வொரு புள்ளியை நோக்கியும் வெளியிலிருந்து தொடர்முறைகள் வரும். ஒரு புள்ளியில் பிரிகிற இரண்டு வரையறைகள், கோடு முழுவதும் என்று கேட்டால் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. "தேர்வு இல்லையென்றால் தொடர்முறைகளே பயனற்றவை" என்று ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதினோம்.

இனி காம்பாக்ட். ட-வில் உள்ள எந்தத் தொடர்முறையும் ஏதோ ஒரு மதிப்பை முடிவில்லாத தடவை எடுக்கும். அந்த மதிப்பு மட்டும் வரும் உட்தொடர்முறை ஒருங்கும். ஆக ட தொடர்முறைக் காம்பாக்ட். ஆனால் மூடிய கணமில்லாததால், திறந்த உறைகளை வைத்துச் சொல்லும் காம்பாக்ட் அல்ல. வரம்புகூட இல்லாமல் செய்யலாம். ப-வின் ஏதாவது ஒரு பக்கத்தில் ட-வின் புள்ளிகள் எவ்வளவு அருகிலும் இருக்கும். வலது பக்கம் என்று கொள்வோம். அந்தப் பக்கத்துப் புள்ளி க ஒவ்வொன்றையும் 1/(க − ப) என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். கிடைக்கும் கணத்தை ம என்போம். ப-வுக்கு நெருங்கிய புள்ளிகள் எல்லாம் வெகுதூரம் போய்விடுவதால் ம-வுக்கு மேல்வரம்பே இல்லை. ஆனாலும் அதுவும் டெடெகிண்ட்-முடிவுறு கணமே, ஆகவே தொடர்முறைக் காம்பாக்ட். மேல்வரம்பில்லாத ஒரு கணத்தில், மேலே மேலே ஏறிப்போகும் ஒரு தொடர்முறைகூட இல்லை!

எதிர்த் திசை தப்பிக்கிறது. மெட்ரிக் வெளி திறந்த உறை வழியில் காம்பாக்ட் என்றால், அது தொடர்முறைக் காம்பாக்ட்தான், தேர்வு தேவையில்லை. தொடர்முறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது நெருங்கி வரும் புள்ளி ஒன்று காம்பாக்ட் தன்மையால் கிடைக்கும். உட்தொடர்முறையை "இந்த அளவு நெருங்கும் அடுத்த சிறிய குறியெண்" என்ற விதியால் எடுத்துவிடலாம். 0 முதல் 1 வரையுள்ள மூடிய இடைவெளி காம்பாக்ட் என்ற ஹைன–போரல் தேற்றமும் பத்திரமாக நிற்கிறது. "எதுவரை முடிவுறு சில திறந்த கணங்களால் மூட முடிகிறது" என்று கேட்டு, அதன் மீச்சிறு மேல்வரம்பை எடுக்கும் பழைய நிரூபணத்தில் தேர்வு எதுவும் இல்லை.

இயல் எண்களுமா?

ம கணத்தால் இன்னொரு வேலையும் ஆகிறது. ஒவ்வொரு திறந்த உறையிலிருந்தும் எண்ணத்தக்க சில கணங்கள் மட்டும் போதும் என்ற குணத்தை லிண்டெலோஃப் என்கிறோம். மெய்யெண் கோட்டுக்கு விகிதமுறு முனைகள் கொண்ட இடைவெளிகள் எண்ணத்தக்க அடிப்படையாக உள்ளன; அதனால் அது லிண்டெலோஃப் என்று ஒரே வரியில் முடிப்போம். இப்போது ம-வின் ஒவ்வோர் எண்ணுக்கும், அதற்கு இடப்பக்கமுள்ள எல்லா மெய்யெண்களையும் ஒரு திறந்த கணமாக எடுங்கள். ம-வுக்கு மேல்வரம்பில்லை, எனவே இவை கோடு முழுவதையும் மூடும். எண்ணத்தக்க சிலவே போதும் என்றால் ம-விலிருந்து ஒரு பட்டியல் கிடைக்க வேண்டும். அதில் முடிவுறு எண்ணிக்கையிலான எண்களே இருக்க முடியும். அவற்றில் பெரியதைத் தாண்டி எதுவும் மூடப்படாது. ஆக மெய்யெண் கோடு லிண்டெலோஃப் அல்ல.

இதே உறையை விகிதமுறு எண்களுக்குள் மட்டும் பாருங்கள். ம-வின் வெவ்வேறு எண்களுக்கு வெவ்வேறு உட்கணங்கள் கிடைக்கும், வாதம் ஓர் எழுத்தும் மாறாமல் ஓடும். விகிதமுறு எண்களோடு தனித்த இடத்தியலை (ஒவ்வோர் உட்கணமும் திறந்தது என்று கொள்வது) வைத்தால், அது இயல் எண்களின் தனித்த வெளிதான், பெயர் மட்டும் வேறு. ஆக, இயல் எண்களின் தனித்த வெளியே லிண்டெலோஃப் இல்லாமல் போகலாம்! எண்ணத்தக்க வெளி லிண்டெலோஃப் என்பதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதை மூடும் கணம் ஒன்றை உறையிலிருந்து எடுக்க வேண்டுமே, அங்கேதான் தேர்வு இருக்கிறது. ஹெர்லிஷும் ஸ்ட்ரெக்கரும் 1997-ல் வெளியிட்ட முடிவு இதைத் துல்லியமாக்குகிறது: இயல் எண்கள் லிண்டெலோஃப், மெய்யெண் கோடு லிண்டெலோஃப், மெய்யெண்களின் உட்கணங்களைக் கொண்ட எண்ணத்தக்க தொகுப்புகளுக்குத் தேர்வு உண்டு என்ற கூற்றுகள் மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். ஒரு புள்ளியில் இரு வகைத் தொடர்ச்சியும் ஒன்று என்பதும் இதே பட்டியலில் அடங்கும்.

எண்ணத்தக்க அடர்ந்த உட்கணம் உண்டு என்ற செப்பரபிள் குணமும் இப்படித்தான். ட-வின் எண்ணத்தக்க உட்கணங்கள் எல்லாம் முடிவுறு கணங்கள், அவை மூடியவை, எனவே எதுவும் ட-வில் அடர்ந்திருக்காது. ட-வுக்கு எண்ணத்தக்க அடிப்படை உண்டு, எண்ணத்தக்க அடர்ந்த உட்கணம் இல்லை.

சாக்ஸ் ஜோடிகளை வைத்து இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்றைக் கட்டலாம். கோஹனின் இரண்டாவது மாதிரியில் முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி என்று எண்ணிட்ட ஜோடிகள் உள்ளன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுக்கும் சார்பு இல்லை. (ஜோடியில் இருப்பவை மெய்யெண்கள் அல்ல, மெய்யெண்களாய் இருந்தால் சிறியதை எடுத்துவிடலாம். அவை மெய்யெண்களின் கணங்கள்.) எல்லா ஜோடிகளின் உறுப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, தனியாக ஒரு புள்ளியையும் வையுங்கள். தனிப்புள்ளியின் எடை 0, முதல் ஜோடியின் இரு உறுப்புகளுக்கும் எடை 1, இரண்டாம் ஜோடிக்கு 1/2, மூன்றாம் ஜோடிக்கு 1/3. வெவ்வேறான இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் அவற்றின் எடைகளில் பெரியது. இது மெட்ரிக்கின் விதிகளையெல்லாம் நிறைவு செய்கிறது. தனிப்புள்ளியின் எந்த அண்மையும் சில ஜோடிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மீதமுள்ளவை முடிவுறு எண்ணிக்கை. ஆகவே திறந்த உறை வழியில் இது காம்பாக்ட், ஐயமே இல்லை. ஆனால் தனிப்புள்ளி தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஒற்றைத் திறந்த புள்ளி. எனவே அடர்ந்த கணம் எதுவானாலும் அவை அனைத்தையும் கொண்டிருக்க வேண்டும். அது எண்ணத்தக்கது என்றால், அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வருவதை எடுத்துவிடலாம். அப்படி எடுக்கும் சார்பு இல்லை என்றோம். காம்பாக்ட் மெட்ரிக் வெளி ஒன்று, செப்பரபிள் அல்ல.

டிகோனாஃபும் அல்ட்ராஃபில்டரும்

மெட்ரிக் வெளிகளைத் தாண்டினால் முதலில் வருவது டிகோனாஃப் தேற்றம்: காம்பாக்ட் வெளிகளின் பெருக்கல் வெளி காம்பாக்ட். தேற்றத்துக்குத் தேர்வு அடிகோள் வேண்டும் என்பது மட்டுமல்ல, தேற்றத்திலிருந்தே தேர்வு அடிகோள் முழுவதும் வந்துவிடும். கெல்லி 1950-ல் காட்டிய இந்த வாதத்தைச் சற்று எளிதாக்கினால் இப்படி வரும். வெறுமையல்லாத கணங்களின் தொகுப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கணத்தோடும் புதுப் புள்ளி ஒன்றைச் சேருங்கள். திறந்த கணங்கள் மூன்றே: வெற்றுக் கணம், புதுப்புள்ளி மட்டும், முழு வெளி. மூன்று திறந்த கணங்கள்தான் என்பதால் காம்பாக்ட். புதுப்புள்ளி திறந்தது, ஆகவே பழைய கணம் மூடியது. பெருக்கல் வெளியில் "இந்த ஆயம் பழைய கணத்தில் இருக்கிறது" என்ற நிபந்தனை ஒவ்வொன்றும் ஒரு மூடிய கணம். அவற்றில் முடிவுறு சிலவற்றை எடுத்தால் பொதுப்புள்ளி உண்டு: அந்தச் சில ஆயங்களில் பழைய உறுப்புகளை எடுத்து, மற்ற எல்லாவற்றிலும் புதுப்புள்ளியை வைத்துவிடலாம். புதுப்புள்ளி எல்லா இடத்துக்கும் ஒரே விதியாக உதவுவது இங்கேதான். பெருக்கல் வெளி காம்பாக்ட் என்றால் எல்லா நிபந்தனைகளுக்கும் பொதுவான புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிதான் தேர்வுச் சார்பு.

ஹவுஸ்டார்ஃப் வெளிகளுக்கு (எந்த இரு புள்ளிகளையும் வெட்டிக்கொள்ளாத இரு திறந்த கணங்களால் பிரிக்கத்தக்க வெளிகள்) மட்டும் டிகோனாஃப் போதும் என்றால் விலை குறைகிறது. அதற்கு, ஒவ்வொரு ஃபில்டரையும் (முடிவுறு வெட்டுகளையும் மேற்கணங்களையும் தன்னுள்ளேயே கொண்ட, வெறுமையல்லாத உட்கணங்களின் தொகுப்பு) அல்ட்ராஃபில்டராக (இனியும் பெரிதாக்க முடியாத ஃபில்டர்) விரிக்கலாம் என்ற கூற்று போதும். அது தேர்வைவிட வலிமை குறைந்தது.

காம்பாக்டுக்கு "ஒவ்வோர் அல்ட்ராஃபில்டரும் ஒருங்கும்" என்றும் ஒரு வரையறை உண்டு. 1977-ல் ஆண்ட்ரியாஸ் பிளாஸ் அமைத்த மாதிரியில், எந்தக் கணத்தின் மேலும் ஒற்றைப் புள்ளியால் உண்டாகும் அல்ட்ராஃபில்டர்களைத் தவிர வேறில்லை. அவை எல்லாம் தத்தம் புள்ளியில் ஒருங்கும். எனவே அங்கே ஒவ்வொரு வெளியும், இயல் எண்களின் தனித்த வெளி உட்பட, இந்த வரையறைப்படி காம்பாக்ட். வரையறை பொருளற்றுப்போகிறது என்றே சொல்லலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். முழுமையான மெட்ரிக் வெளிகளுக்கான பேர் தேற்றம் (எண்ணத்தக்க அடர்ந்த திறந்த கணங்களின் வெட்டும் அடர்ந்ததே), சார்புத் தேர்வு எனப்படும் அடிகோளுக்குச் சமம் என்று 1977-ல் பிளேர் காட்டினார். முந்தைய படியைப் பார்த்து அடுத்த படியை எடுத்துக்கொண்டே போவதற்கான அனுமதி அது. ஆனால் செப்பரபிளாகவும் முழுமையாகவும் உள்ள வெளிகளுக்கு அடர்ந்த பட்டியல் கையில் இருப்பதால் பேர் தேற்றம் தேர்வின்றியே நிற்கும். இயல்நிலை (normal) வெளியில் வெட்டிக்கொள்ளாத இரு மூடிய கணங்களைத் தொடர்ச்சியான சார்பு ஒன்றால் பிரிக்கலாம் என்ற ஊரிசான் துணைத்தேற்றம் தேர்வின்றிச் செல்லாது. மெட்ரிக் வெளிகள் எல்லாம் பாராகாம்பாக்ட் (ஒவ்வொரு திறந்த உறையையும், ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் முடிவுறு சில கணங்களே உள்ள நுண்ணிய திறந்த உறையாக்கலாம்) என்ற ஸ்டோனின் 1948 தேற்றத்துக்குச் சார்புத் தேர்வுகூடப் போதாது. எண்ணத்தக்க தொகுப்புகளுக்கான தேர்வு மட்டும் இருந்தாலே ட, ம இரண்டும் மறைந்துவிடும், ஏனென்றால் அது ஒவ்வொரு முடிவிலா கணத்திலும் ஒரு பட்டியலைத் தந்துவிடும். அன்றாட மெட்ரிக் வெளிப் பகுப்பாய்வுக்கு அது பெரும்பாலும் போதுமானது.

நிரூபணத்தில் தேர்வைக் கண்டுபிடிப்பது

படித்துக்கொண்டிருக்கும் தேற்றத்தில் தேர்வு எங்கே என்று தேட, "எடுப்போம்", "தேர்ந்தெடுப்போம்", "இருக்கட்டும்" என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது: எத்தனை முறை எடுக்கிறோம்? முடிவுறு முறை என்றால் விட்டுவிடலாம். முடிவில்லாத முறை என்றால், எதிலிருந்து எடுக்கிறோம்? இயல் எண்கள், விகிதமுறு எண்கள், எண்ணத்தக்க அடிப்படை என்றால் "முதலாவதை எடு" என்று அந்த வரியைத் திருத்தி எழுதிப் பாருங்கள். திருத்த முடியாத வரி எதுவோ, அங்கே அடிகோள் இருக்கிறது. திருத்த முடியவில்லை என்பதாலேயே தேற்றம் தேர்வைச் சார்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். வேறு நிரூபணம் இருக்கலாம், கோடு முழுவதுமான தொடர்ச்சிக்கு இருந்ததைப் போல. பரீட்சையில் தேர்வைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், வழக்கமான கணிதம் அதை ஏற்றுக்கொண்டதுதான். தேர்வில்லாமல் எழுதும் பிஎச்.டி. ஆய்வேட்டில் மட்டும் காம்பாக்ட், மூடியது, செப்பரபிள் என்ற சொற்களுக்கு எந்த வரையறை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இந்தப் பென்சிலைப் பிடித்துப் பார்க்க நல்ல இடம், எண்ணத்தக்க கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு எண்ணத்தக்கது என்ற தேற்றம். கட்டம் போட்டு மூலைவிட்டமாக எண்ணும் அந்த நிரூபணத்தில், ஒவ்வொரு கணமும் எண்ணத்தக்கது என்றால் அதற்கு ஒரு பட்டியல் *உண்டு* என்றுதான் பொருள். பட்டியல்கள் பல இருக்கும், கட்டத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஃபெஃபர்மானும் லெவியும் 1963-ல் அமைத்த மாதிரியில் மெய்யெண் கோடு முழுவதுமே எண்ணத்தக்க கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பாக இருக்கிறது. மெய்யெண்கள் எண்ணத்தக்கவை அல்ல என்ற கான்டரின் தேற்றத்துக்குத் தேர்வு வேண்டாம், அது அங்கேயும் உண்மை. மெய்யெண் கோடு முதல் வகைக் கணம் (எங்கும் அடர்வில்லாத கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு) அல்ல என்ற பேர் தேற்றமும் அங்கே உண்மை. ஒவ்வோர் எண்ணத்தக்க கணமும் முதல் வகையைச் சேர்ந்தது. ஆகவே அங்கே முதல் வகைக் கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு முதல் வகையாக இருப்பதில்லை. "எங்கும் அடர்வில்லாத கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு" என்பதும் "முதல் வகைக் கணங்களின் எண்ணத்தக்க சேர்ப்பு" என்பதும் இரண்டு வேறு வரையறைகள்.